ஆனந்த் தோற்ற ஆட்டத்தை எடுத்து வையுங்கள்

1995 செப்டம்பர் 25, திங்கட்கிழமை. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம், 107-வது மாடி. உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் ஒன்பதாவது ஆட்டத்தில் கேரி காஸ்பரோவை விஸ்வநாதன் ஆனந்த் வீழ்த்தினார். அதற்கு முந்தைய எட்டு ஆட்டங்களும் டிரா. இருபது ஆட்டங்கள் என்று பேசி வைத்த போட்டியில் முதல் வெற்றி 25 வயதுச் சென்னைக்காரருக்கு. 1985-லிருந்து சாம்பியனாக இருப்பவர் எதிரே உட்கார்ந்து தோற்றார் என்றால் சும்மாவா?

மறுநாள் செவ்வாய்க்கிழமை பத்தாவது ஆட்டம். வெள்ளைக் காய்கள் காஸ்பரோவுக்கு. 38-வது நகர்த்தலோடு ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

ஒன்பதாவது ஆட்டத்தைப் பற்றி எழுத யாருக்கும் ஆசை வரும். ஆனால், செஸ் கற்கும் பிள்ளை ஒருவன் வந்து, “ஒரே ஒரு ஆட்டத்தை ஓப்பனிங்கிலிருந்து கடைசி வரை முழுசாகப் படிக்கணும், எதைப் படிக்கட்டும்?” என்று கேட்டால் நான் பத்தாவதைத்தான் கையில் கொடுப்பேன். நம் ஆள் தோற்ற ஆட்டம் என்பதற்காக அதை ஒதுக்கி வைத்துவிட்டோம். ஒரு ஓப்பனிங் எப்படிப் பிறக்கிறது, எத்தனை பேர் கை பட்டு வளர்கிறது, ஓர் ஆட்டத்தின் தலையெழுத்து பலகைக்கு வெளியே எப்படித் தீர்மானமாகிறது என்பதையெல்லாம் 38 நகர்த்தலில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆட்டங்கள் குறைவு.

பலகையும் காய்களும் பக்கத்தில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டங்களுக்கு ஏ முதல் ஹெச் வரை, 1 முதல் 8 வரை என்ற வழக்கமான பெயர்களையே சொல்கிறேன்.

ஸ்பெயின் பாதிரியாரின் பாதை

வெள்ளை ராஜாவின் சிப்பாய் இ4. கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து சிப்பாயை மிரட்டுகிறது. கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து காக்கிறது. மூன்றாவதாக வெள்ளை பிஷப் பி5-க்குப் போய், காக்கும் அந்தக் குதிரையையே குறிவைக்கிறது. இதுதான் ஸ்பானிஷ் ஆட்டம். 1561-ல் செஸ் பற்றிப் புத்தகம் எழுதிய ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸின் பெயராலும் இதை அழைப்பார்கள். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆடித் தேய்ந்த பாதை. இன்னும் தேய்ந்து தீரவில்லை.

கறுப்பு ஏ6 என்று சிப்பாயைத் தள்ளிக் கேட்கிறது. பிஷப் ஏ4-க்குப் பின்வாங்குகிறது. கறுப்பின் இன்னொரு குதிரை எஃப்6. வெள்ளை கேஸ்லிங் செய்கிறது. இந்த இடத்தில் கறுப்புக்கு இரண்டு வழி. பெரும்பாலானவர்கள் பிஷப்பை இ7-ல் வைத்து, நடுவே சிப்பாய்களைப் பூட்டிக்கொண்டு, காய்களைப் பின்னால் நிதானமாக அடுக்கி ஆடுவார்கள். இரண்டாவது வழி, குதிரையால் இ4 சிப்பாயை வெட்டிவிடுவது. இதற்கு ஓப்பன் ஸ்பானிஷ் என்று பெயர். டாராஷ், யூவே போன்ற பழைய ஜாம்பவான்கள் நம்பி ஆடிய வழி. வெட்டிய சிப்பாயை வெள்ளை சீக்கிரமே திரும்ப எடுத்துவிடும். அதற்குப் பதில் கறுப்புக்குக் காய்களைத் தாராளமாக நடமாடவிட இடம் கிடைக்கும். சிக்கல் ஒன்றுதான். நடு வரிசை திறந்து கிடக்க, கறுப்பு ராஜா இன்னும் இ8-லேயே உட்கார்ந்திருப்பார். அவரைப் பத்திரப்படுத்துவதற்குள் வெள்ளை ஏதாவது செய்துவிட்டால் தொலைந்தது.

வெள்ளை டி4, கறுப்பு பி5, பிஷப் பி3, கறுப்பு டி5. வெள்ளைச் சிப்பாய் இ5-ஐ வெட்டுகிறது. கறுப்பு பிஷப் இ6. ஒன்பதாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை பி1-லிருந்து டி2. கறுப்புக் குதிரை இ4-லிருந்து சி5-க்குத் திரும்புகிறது. வெள்ளை சி3 தள்ள, கறுப்பு டி4 என்று சிப்பாயை முன்னே விடுகிறது. பத்து நகர்த்தல் முடிந்தது. இதுவரை சர்வசாதாரணம்.

பாகுயோவில் போட்ட விதை

1978. பிலிப்பைன்ஸின் மலை நகரம் பாகுயோ. அனடோலி கார்ப்போவுக்கும் விக்டர் கோர்ச்னோய்க்கும் உலக சாம்பியன் போட்டி. சோவியத் நாட்டைவிட்டு வெளியேறிய கோர்ச்னோயும், சோவியத்தின் செல்லப்பிள்ளை கார்ப்போவும் மோதிய போட்டி. தயிர்க் கோப்பை, கறுப்புக் கண்ணாடி, மனவசியக்காரர் என்று அங்கே நடந்த கூத்துகளைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். நமக்கு வேண்டியது அந்தப் போட்டியின் பத்தாவது ஆட்டம். ஆம், அங்கேயும் பத்தாவதுதான்!

இப்போது பலகையில் வைத்திருக்கும் இதே நிலைமை அங்கே வந்தது. பதினோராவது நகர்த்தலாகக் கார்ப்போவ் எஃப்3 குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து வைத்தார். அந்தக் குதிரைக்குக் காவல் இல்லை. கறுப்பு ராணி டி8-லிருந்து நேராக வந்து வெட்டிக்கொண்டு போகலாம். கார்ப்போவின் பயிற்சியாளர் இகோர் ஜைட்செவ் கண்டுபிடித்த யோசனை இது. வெட்டினால் வெள்ளை ராணி எஃப்3-க்கு வரும். சி6-ல் இருக்கும் குதிரைமீது ஒரு கண், அதன் பின்னால் ஏ8 யானைமீது ஒரு கண். வாங்கிய காயைத் திருப்பிக் கொடுக்காமல் கறுப்பு தப்ப முடியாது. கொடுத்த பிறகும் ராஜா காற்றில் தொங்கும்.

கோர்ச்னோய் வெட்டவில்லை. சிப்பாயால் சி3-ஐ வெட்டினார். குதிரை இ6 பிஷப்பை வெட்ட, கறுப்புச் சிப்பாய் திரும்ப வெட்டியது. வெள்ளை பி-சிப்பாய் சி3-ஐ எடுத்தது. பதின்மூன்றாவது நகர்த்தலாகக் கறுப்பு ராணி டி3-க்குள் துணிந்து நுழைந்தது. கார்ப்போவ் குதிரையை எஃப்3-க்கு விலக்க, ராணிகள் மாறின. ஆட்டம் டிரா.

பாகுயோவில் கார்ப்போவின் முகாமில் இன்னொருவரும் இருந்தார். 1960-ல் போட்வின்னிக்கை வென்று உலக சாம்பியன் ஆன மிகைல் தால். தாக்குதல் ஆட்டம் என்றாலே செஸ் உலகம் முதலில் சொல்லும் பெயர். கறுப்பு ராணி டி3-ல் நிற்கும்போது குதிரையை நகர்த்துவதற்குப் பதிலாக பிஷப்பை பி3-லிருந்து சி2-க்கு இழுத்து ராணியை விரட்டினால் என்ன என்ற யோசனையை முதலில் சொன்னவர் தால்தான். விரட்டினால் ராணி சி3 சிப்பாயை வெட்டிக்கொண்டு போகும். ஏ1 யானையும் அதன் பார்வையில் விழும். அது சரிவருமா என்று யாரும் பெரிய போட்டியில் சோதித்துப் பார்க்கவில்லை. 1992 ஜூனில் தால் இறந்துபோனார். யோசனை குறிப்பிலேயே தங்கிவிட்டது.

ஒரு வாரம்

நியூயார்க்குக்கு வருவோம். ஆனந்தின் அணியில் உபிலாவா, யூசுபோவ், ஸ்பீல்மன், பேட்ரிக் வுல்ஃப் இருந்தார்கள். யூசுபோவ் ஓப்பன் ஸ்பானிஷை நெடுநாள் ஆடிப் பழகியவர். காஸ்பரோவின் இ4-க்கு எதிராக அதையே ஆயுதமாகத் தேர்ந்தெடுத்தது நல்ல தீர்மானம்தான். செப்டம்பர் 19-ம் தேதி ஆறாவது ஆட்டத்தில் அதை வெளியே எடுத்தார்கள்.

அன்று காஸ்பரோவ் கார்ப்போவின் பாதையிலேயே வந்தார். குதிரை ஜி5, அதே வெட்டுகள், கறுப்பு ராணி டி3. பதினான்காவது நகர்த்தலில் அதே குதிரை எஃப்3. ஆனந்த் ராணியை மாற்றாமல் ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்தார். பிறகு டி4-க்கு வந்த வெள்ளைக் குதிரையைத் தன் யானையைக் கொடுத்து வெட்டினார். பதிலுக்குச் சிப்பாய்களைச் சேர்த்துக்கொண்டு நிம்மதியாக டிரா செய்தார். கறுப்புக் காய்களோடு உட்கார்ந்த ஒருவருக்கு இதைவிட இனிப்பான மாலை கிடைக்குமா? ஓப்பனிங் தாங்குகிறது என்று அணி முழுக்க நம்பியதில் வியப்பில்லை.

காஸ்பரோவுக்கு அடுத்த வெள்ளை எட்டாவது ஆட்டத்தில். அவர் ஸ்பானிஷ் பக்கமே போகவில்லை. ஸ்காட்ச் ஓப்பனிங் ஆடினார், டிரா. ஓப்பன் ஸ்பானிஷை உடைக்க வழி கிடைக்காமல்தான் விலகிப் போகிறார் என்று அன்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். நடந்ததைத் தெரிந்துகொண்டு திரும்பிப் பார்க்கிற நமக்கு அந்த ஸ்காட்ச் வேறு மாதிரித் தெரிகிறது. சமையல் இன்னும் முடியவில்லை, அதனால் அன்றைக்கு வேறு எதையோ பரிமாறினார்.

ஆறாவது ஆட்டத்துக்கும் பத்தாவதுக்கும் நடுவே சரியாக ஏழு நாள். தாலின் பழைய யோசனையை எடுத்து, காஸ்பரோவும் அவருடைய ஆட்களும் அதன் கடைசி நுனி வரை போய்ப் பார்த்தது அந்த நாட்களில்தான்.

பிஷப் சி2

செப்டம்பர் 26. முதல் பதின்மூன்று நகர்த்தலும் ஆறாவது ஆட்டத்தின் அச்சு அசல். பதினான்காவதாகக் காஸ்பரோவ் பிஷப்பை சி2-ல் வைத்தார்.

பலகையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். காய்க் கணக்கு சமம். இரு பக்கமும் ஆறு ஆறு சிப்பாய். வெள்ளையிடம் இரண்டு பிஷப், ஒரு குதிரை. கறுப்பிடம் இரண்டு குதிரை, ஒரு பிஷப். வெள்ளை ராஜா பத்திரமாக ஜி1-ல் இருக்கிறார். கறுப்பு ராஜா இ8-ல்; அவருக்கு முன்னால் இ6-ல் ஒற்றைச் சிப்பாய். எஃப்8 பிஷப்பும் ஹெச்8 யானையும் இன்னும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தபடியே நிற்கின்றன. தாக்குதல் என்று ஒன்று வந்தால் ராஜாவுக்கு உதவ யாரும் பக்கத்தில் இல்லை.

ஆனந்த் நெடுநேரம் யோசித்தார். ராணி போய் சி3 சிப்பாயை வெட்டியது. அடுத்து வெள்ளைக் குதிரை டி2-லிருந்து பி3. இந்த நகர்த்தலில்தான் யோசனையின் உயிர் இருக்கிறது. குதிரை பி3-ல் நிற்கும்வரை ஏ1 யானைக்கு அதுவே காவல். ஆனால் கறுப்புக் குதிரை வந்து அதை வெட்ட, வெள்ளை பிஷப் திரும்ப வெட்டியதும் காவல் போய்விடுகிறது. யானை அம்போவென்று நிற்கிறது, ராணி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

உடனே வெட்டினால்? வெள்ளை ராணி ஹெச்5-ல் செக். கறுப்பு ஜி6 என்று சிப்பாயால் மறைத்தாக வேண்டும். ராணி அங்கிருந்து எஃப்3-க்குத் தாவும். இப்போது சி6-ல் குதிரை, எஃப்7-ல் ராஜாவின் வாசல், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து. ஒன்றைக் காத்தால் இன்னொன்று போகும். பாகுயோவில் ஜைட்செவ் ஜி5-ல் குதிரையைக் கொடுத்தபோதும் ராணி எஃப்3-க்கு வருவதுதானே மிரட்டலாக இருந்தது? ஒரே ஓப்பனிங்கின் உடம்பில் ஒரே பலவீனம் வெவ்வேறு இடத்தில் தலைகாட்டுகிறது. ஓப்பனிங்கைப் புரிந்துகொள்வது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனந்த் அதில் சிக்கவில்லை. பதினாறாவதாகக் குதிரையை டி4-க்குக் கொண்டுவந்து பி3 பிஷப்பை மிரட்டினார். ராணி ஜி4 என்றார் காஸ்பரோவ். இப்போது ராணி ஏ1 யானையை வெட்டியது. பிஷப் இ6 சிப்பாயை வெட்டியது. வெள்ளைக்கு ஒரு முழு யானை குறைவு. ஆனால் பலகையில் நடப்பது கறுப்பு ராஜாவின் உயிர்ப் போராட்டம். இதுவரை காஸ்பரோவ் யோசித்த நேரம் சொற்பம். பெரும்பாலும் மனப்பாடமாகவே காயை வைத்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு மேடையைவிட்டு எழுந்து போவார். போகும்போதும் வரும்போதும் கதவை அறைந்து சாத்தினார் என்று அப்போதே புகார் எழுந்தது. உலக சாம்பியனுக்கு அந்தக் கதவு தேவையே இல்லை. பலகையில் இருந்ததே போதும்.

கறுப்பு யானை டி8. பத்தொன்பதாவது நகர்த்தல்: சி1-ல் இருந்த பிஷப் ஹெச்6-க்குப் பாய்கிறது. பார்க்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஜி7 சிப்பாய் அப்படியே வெட்டிக்கொள்ளலாமே? ஆனால் பிஷப் சி1-ஐக் காலி செய்ததும் முதல் வரிசை திறந்து, எஃப்1 யானை நேராக ஏ1 ராணியைக் குறிவைக்கிறது. ராணி எஃப்1 யானையையும் செக்கோடு வெட்டலாம். ராஜா ராணியை வெட்டுவார். கறுப்பு ஹெச்6 பிஷப்பை வெட்டும். காய்களை எண்ணினால் கறுப்புக்கு லாபம்போலத் தெரியும். ஆனால் ராணி ஹெச்5 செக், ராஜா இ7, ராணி எஃப்7 மேட். இ6 பிஷப் ராணிக்குப் பின்னால் காவல் நிற்க, இ5 சிப்பாய் டி6-ஐயும் எஃப்6-ஐயும் அடைத்து வைத்திருக்க, ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. அந்த இ5 சிப்பாய் எப்போது அங்கே வந்து உட்கார்ந்தது? எட்டாவது நகர்த்தலில், ஓப்பனிங் வெறும் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது.

ஆனந்த் ராணியை சி3-க்கு இழுத்தார். பிஷப் ஜி7 சிப்பாயை வெட்டியது. ராணி டி3, பிஷப் ஹெச்8 யானையையும் எடுத்துக்கொண்டது. கொடுத்த யானை வீடு திரும்பியாயிற்று. ராணி ஜி6, பிஷப் எஃப்6, கறுப்பு பிஷப் இ7, அதையும் வெள்ளை வெட்ட, ராணிகள் ஜி4-ல் மாறுகின்றன. இருபத்து நான்காவது நகர்த்தலில் புகை அடங்கியது. இரு பக்கமும் ஒவ்வொரு யானை; வெள்ளையிடம் பிஷப், கறுப்பிடம் குதிரை; வெள்ளைக்கு ஐந்து சிப்பாய், கறுப்புக்கு நான்கு.

அவ்வளவு வெடிச்சத்தத்துக்கும் கிடைத்தது ஒரே ஒரு சிப்பாய்தானா என்று கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அந்த ஒரு சிப்பாயோடு, ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய் வரிசையாக இருக்கின்றன, எதிரே ஒன்றே ஒன்று. அவை கைகோத்து முன்னேறினால் தடுக்க ஆளில்லை. மறுபக்கம் கறுப்பின் மூன்று சிப்பாய்கள் ஓடத் தொடங்கினால் பந்தயம் ஆகிவிடும். அதனால் காஸ்பரோவ் முதல் வேலையாக யானையை சி1-ல் வைத்து சி7 சிப்பாயைக் கட்டிப்போட்டார். யானை பலி எல்லார் கண்ணிலும் படும். என் கணக்கில் ஆட்டத்தின் அழகான நகர்த்தல்களில் இந்தச் சாது நகர்த்தலும் ஒன்று. அதன்பின் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. வெள்ளை ராஜா நடுவே நடந்து வந்தார், சிப்பாய்கள் நகர்ந்தன, 38-வது நகர்த்தலில் யானை டி6-க்குப் போனதும் ஆனந்த் கை கொடுத்தார்.

ராஜா எங்கே, சிப்பாய் எங்கே

சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் அப்போது சோவியத் கலாசார மையம் என்று அழைக்கப்பட்ட கட்டடத்தில் ஒரு செஸ் கிளப் இருந்தது. அம்மா சுசீலாவிடம் ஆறு வயதில் ஆட்டம் கற்ற ஆனந்த், சிறுவனாக ஆடி வளர்ந்தது அங்கேதான். அந்தக் கிளப்பின் பெயர் மிகைல் தால் செஸ் கிளப். தால் பெயரைத் தாங்கிய கிளப்பில் வளர்ந்தவரைத் தாலின் யோசனையே வீழ்த்தியது. சினிமாக் கதாசிரியர் எழுதியிருந்தால் ‘ரொம்ப ஓவர்’ என்று சொல்லியிருப்போம்.

இன்றைக்கு நிலைமை வேறு. 2013-ல் தமிழக அரசு ‘7 முதல் 17’ என்று பள்ளிகளில் செஸ் திட்டம் கொண்டுவந்தது. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். தெருவுக்குத் தெரு பயிற்சி வகுப்பு. பத்து வயதுப் பிள்ளைகள் ‘நைடார்ஃப்’, ‘கேட்டலன்’ என்று கேட்டவுடன் சரசரவென்று பதினைந்து நகர்த்தல் ஒப்பிக்கிறார்கள். சந்தோஷம்தான். பதினாறாவதில் எதிராளி வேறு காயை நகர்த்தினால் கை நின்றுவிடுகிறது. ஏன் அந்தப் பதினைந்தும் அப்படி வந்தன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கம்ப்யூட்டர் இன்ஜின்மீது பழி போடுவது சுலபம், நியாயம் இல்லை. இன்ஜின் இல்லாமல் இன்று எந்த கிராண்ட்மாஸ்டரும் தயாராவதில்லை. கோளாறு வரிசையில் இருக்கிறது. ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே பக்கத்தில் அந்த மதிப்பெண் பட்டை ஏறி இறங்குகிறது. பிள்ளை பலகையைப் பார்ப்பதில்லை, பட்டையைப் பார்க்கிறது. பிளஸ் இரண்டு என்று காட்டினால் வெள்ளை நல்லது, முடிந்தது பாடம். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பட்டை பதில் சொல்லாது.

நான் சொல்லும் முறையில் புதுசாக ஒன்றும் இல்லை, பழைய ஆசான்கள் செய்ததுதான். ஆட்டத்தின் நகர்த்தல்களை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, ஜெயித்தவர் பக்கம் உட்கார்ந்து, அடுத்தது என்ன என்று ஊகித்து எழுதுங்கள். எழுதியபின் தாளை ஒரு வரி இறக்குங்கள். பத்தாவது ஆட்டத்தில் பிஷப் சி2-ஐ ஊகிக்க முடியாது. வருத்தம் வேண்டாம், உலகின் தலைசிறந்தவர்களுக்கே பதினேழு ஆண்டு தேவைப்பட்டது. ஆனால் பத்தொன்பதாவதை ஊகிக்கலாம். எஃப்1 யானையின் பார்வை எங்கே தடைபட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டாலே பிஷப் நகர வேண்டும் என்று பிடிபடும். எங்கே நகர வேண்டும் என்பதுதான் மிச்சம்.

பிறகு பின்னோக்கிப் போங்கள். கார்ப்போவ்-கோர்ச்னோய் ஆட்டம், பிறகு காஸ்பரோவ்-ஆனந்த் ஆறாவது ஆட்டம், பிறகு பத்தாவது. மூன்றையும் அடுத்தடுத்துப் பலகையில் போட்டால் ஓர் ஓப்பனிங் வளர்ந்த கதை தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ராஜா எங்கே, இ5 சிப்பாய் எங்கே, எஃப்7 கட்டத்துக்கு யார் காவல் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஐந்நூறு வரிகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த மூன்று ஆட்டம் அதிகம் சொல்லித்தரும். இன்ஜினைக் கடைசியில் திறங்கள். உங்கள் குறிப்பில் தப்பு எங்கே என்று கேட்பதற்குத் திறங்கள்.

பதிமூன்று ஆண்டு கழித்து

பத்தாவதன் அடி ஆழமாக விழுந்தது. பதினோராவது ஆட்டத்தில் காஸ்பரோவ் கறுப்பில் சிசிலியன் டிராகனை எடுத்தார், வென்றார். பதிமூன்று, பதினான்கு இரண்டிலும் ஆனந்த் தோற்றார். அக்டோபர் 10-ம் தேதி பதினெட்டாவது ஆட்டத்தோடு போட்டி 10½–7½ என்று முடிந்தது. ஒரே ஒரு ஓப்பனிங் யோசனை ஒரு முழுப் போட்டியின் போக்கைத் திருப்பியது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனந்தின் பெருமை அதன் பிறகு தெரிந்தது. 2008-ல் ஜெர்மனியின் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்கோடு உலக சாம்பியன் போட்டி. கிராம்னிக் தயாரிப்பில் புலி என்று பெயர் எடுத்தவர். மூன்றாவது ஆட்டத்தில் ஆனந்த் கறுப்பில் செமி-ஸ்லாவின் மெரான் கிளைக்குள் இறங்கினார். பதினான்காவது நகர்த்தலாக பிஷப்பை பி7-ல் வைத்தார். சிப்பாயைக் கொடுத்துத் திறந்த வெளியில் தாக்கும் அபாயமான ஆட்டம். 41 நகர்த்தலில் வெற்றி. ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் அதே பாதைக்குத் திரும்ப வந்தார், வீட்டில் எதையோ சரிசெய்துகொண்ட நம்பிக்கையில். ஆனந்த் அடுத்த நகர்த்தலை மாற்றி வைத்திருந்தார். மறுபடியும் கறுப்புக்கே வெற்றி. 6½–4½ என்று பட்டம் ஆனந்திடமே நின்றது.

1995-ல் தாங்கிய ஓப்பனிங்தானே என்று நம்பி அதே வாசலுக்குத் திரும்பிப் போனவர் ஆனந்த். 2008-ல் அந்த வாசலில் காத்திருந்தவரும் அவரே. பான் நகரில் நீல்சன், காசிம்ஜானோவ், வொய்டாசெக், சூர்யசேகர் கங்குலி என்று அவருக்குப் பின்னால் ஓர் அணியே இரவும் பகலும் உழைத்தது. தோற்ற ஆட்டத்தை மறக்காதவர் வென்ற விதம் அது. பான் ஆட்டங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் நியூயார்க் பத்தாவதைக் காட்டிய பிறகு காட்டுங்கள். வரிசை முக்கியம்.

பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு வகுப்பையாவது இப்படி ஒற்றை ஆட்டத்துக்கு ஒதுக்குங்கள். திரை வேண்டாம், மரப்பலகை போதும். பிள்ளைகளே பேசட்டும், சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேலை. இருபதாவது நகர்த்தலில் வெள்ளை பிஷப் ஜி7 சிப்பாயை வெட்டியது அல்லவா? ஆனந்த் அதைத் தன் எஃப்8 பிஷப்பால் திரும்ப வெட்டாமல் ராணியை நகர்த்தினார். வெட்டியிருந்தால் வெள்ளைக்கு இரண்டே நகர்த்தலில் மேட். எப்படி என்பதைப் பலகையில் காய்களை வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள், இன்ஜினைத் திறக்காதீர்கள்.